கிச்சன் சாமான் ரீல்ஸ் போட்டு அஃபிலியேட் கமிஷன்: கையில நிக்கிற காசு எவ்வளவு?

முட்டை_ஊர்க்காரி:
எல்லாருக்கும் வணக்கமுங்க. நாமக்கல் பக்கம். வீட்ல இருந்தே ஏதாச்சும் பண்ணலாம்னு ரொம்ப நாளா யோசனை. இன்ஸ்டால காய் நறுக்குற சாமான், தேங்கா துருவி, மாவு டப்பா இதெல்லாம் வெச்சு செஞ்சு காட்டி "வேணும்னா கமெண்ட்ல லிங்க்னு போடுங்க"ன்னு சொல்றாங்கல்ல, அந்த மாதிரிதான். அந்த லிங்க்ல யாராச்சும் வாங்குனா நமக்கு கமிஷன் வருமாம், அதத்தான் அஃபிலியேட்ங்கறாங்க. சமையல் நல்லா வரும், பேச கூச்சமில்ல, ஆனா மொகம் காட்டுறதுக்கு வீட்ல ஒத்துக்க மாட்டாங்க. போனு ஒண்ணு இருக்கு, ஸ்டாண்டு கூட இல்ல. ஒருத்தரு 4,999 கட்டுங்க, மாசம் அம்பதாயிரம் வர வெக்கிறேன்னு வாட்ஸப்ல தொரத்திட்டே இருக்காரு. லிங்க் எங்க வெக்கிறது, காசு எப்ப வரும், வரி கிரி உண்டா, மொகம் இல்லாம வீடியோ ஓடுமா? செஞ்சு பாத்தவங்க சொல்லுங்க, கேள்விப்பட்டத சொல்லாதீங்க ப்ளீஸ்.

பாரிஸ்_முனை:
அந்த 4,999அ கட்டாதீங்க. மத்தத மத்தவங்க சொல்வாங்க.

டிரைபாட்_கால்:
மேல சொன்னதுதான்க்கா. கோர்ஸ்ல சொல்லித்தர்ற முக்கால்வாசி அந்தந்த ஆப்போட உதவிப் பக்கத்துலயே ஓசியா இருக்கு. நான் மதுரை, இதே கிச்சன் சாமான்தான் போடுறேன், மொகம் காட்டுனதே இல்ல, கையும் கொரலும் மட்டும்தான். ஓடுது.

மொதல்ல காசு கணக்கப் பாத்துருவோம், ஏன்னா எல்லாரும் வியூஸ பாத்துதான் மயங்குறாங்க. உதாரணத்துக்கு 499 ரூபா சாமான், கமிஷன் அஞ்சு சதவீதம்னு வைங்க, 25 ரூபா வரும். சாமான் வகைக்கு வகை சதவீதம் மாறும், அப்பப்ப மாத்தவும் செய்வாங்க, அதனால எவனாவது ஒரு நம்பர் சொன்னா நம்பாம சைட்ல இருக்குற பட்டியல நீங்களே பாருங்க. இப்ப நூறு பேரு லிங்க அமுக்குனா ரெண்டு மூணு பேரு வாங்குனாலே நல்ல நாளு. அதுல ஒருத்தரு "சரியில்ல"ன்னு திருப்பி அனுப்பிட்டா அந்த 25உம் கணக்குல இருந்து போயிரும். ஆக நம்ம அஃபிலியேட் கணக்குப் பக்கத்துல (டாஷ்போர்டு) மொத நாள் காட்டுற தொகை ஒண்ணு, ரிட்டன் தேதி முடிஞ்ச பெறகு நிக்கிற தொகை இன்னொண்ணு. நான் ரெண்டாவதத்தான் வருமானம்னு சொல்லுவேன்.

லிங்க் விஷயம். இன்ஸ்டால வீடியோ கீழ கேப்ஷன்ல லிங்க் போட்டா அமுக்க முடியாது, வெறும் எழுத்தா நிக்கும். பயோல, அதாவது நம்ம பக்கத்து மேல இருக்குற அறிமுகத்துல, அஞ்சு லிங்க் வரைக்கும் வெக்கலாம், ஸ்டோரில லிங்க் ஸ்டிக்கர் ஒட்டலாம், இல்லன்னா கமெண்ட்ல ஒரு வார்த்தை போட்டா தானா டிஎம் (தனிச் செய்தி) போற மாதிரி மேனிசாட் மாதிரி டூல் எதாவது வெச்சுக்கலாம். அந்த மாதிரி டூல் சேக்கும்போது இன்ஸ்டாவோட கம்பெனி மெட்டாவோட லாகின் பக்கம் வழியாத்தான் சேக்கணும், இன்ஸ்டா பாஸ்வேர்ட அவங்க பக்கத்துலயே அடிக்கச் சொன்னா உடனே வெளிய வந்துருங்க. யூட்யூப் ஷார்ட்ஸ்ல 2023 ஆகஸ்ட் கடைசில இருந்து டிஸ்க்ரிப்ஷன், கமெண்ட் ரெண்டுலயும் லிங்க் வேலை செய்யாது. அதுக்கு ஒரு வழி, ஷார்ட்ஸ்ல இருந்து உங்க பெரிய வீடியோவுக்கு இணைப்பு குடுத்துட்டு, பெரிய வீடியோ டிஸ்க்ரிப்ஷன்ல லிங்க் வெக்கிறது. சேனல் கொஞ்சம் வளந்துருச்சுன்னா யூட்யூப் ஷாப்பிங்ல நேரா பொருளையே டேக் பண்ணலாம், 2024 அக்டோபர்ல ஃப்ளிப்கார்ட், மிந்த்ராவோட இங்க ஆரம்பிச்சாங்க.

அமேசான் அஃபிலியேட் திட்டத்துல சேந்தா மொத 180 நாளுக்குள்ள மூணு விற்பனையாவது ஆகணும், இல்லன்னா கணக்க மூடிருவாங்க, திரும்ப விண்ணப்பிக்கணும். நம்ம லிங்க்ல நம்மளே வாங்குனா எண்ணிக்கைல வராது, வீட்டாளுங்கள வாங்க வெக்கிறதும் அப்படித்தான். அந்த வித்தைய யோசிக்கவே வேணாம். லிங்க அமுக்குனதுல இருந்து 24 மணி நேரம்தான் நம்ம கணக்கு, அதுக்குள்ள கார்ட்ல போட்டு வெச்சா அப்புறமா வாங்குனாலும் சேரும். ஒரு நல்லது என்னன்னா, உங்க லிங்க்ல துருவி பாக்க உள்ள போனவங்க அதோட ஒரு மிக்சியும் வாங்குனா அதுக்கும் கமிஷன் உண்டு. காசு கைக்கு வர அந்த மாசம் முடிஞ்சு ரெண்டு மாசம் கிட்ட ஆகும். அதனால தீபாவளிக்கு வித்தது பொங்கலுக்குத்தான் வரும்னு மனசுல வெச்சுக்கங்க.

முட்டை_ஊர்க்காரி:
ரொம்ப நன்றிங்ணா. ரெண்டு மாசமா?? கோர்ஸ்காரரு வாரா வாரம் வரும்னாருங்களே.

பாரிஸ்_முனை:
அவருக்கு வாரா வாரம் வருது, உங்கள மாதிரி ஆளுங்க கட்றதால.

சீக்கிரம்_சம்பாதி:
இவ்ளோ கஷ்டமே தேவையில்ல ப்ரோ. சாமான் வாங்கணும்னு கூட அவசியமில்ல. வெளிநாட்டு ஆப்புல இந்த சாமான் வீடியோ ஆயிரக்கணக்குல கெடக்கு, எடுத்து வாட்டர்மார்க் அழிச்சுட்டு ஏஐ கொரல்ல தமிழ் போட்டா முடிஞ்சுது, ஒரு நாளைக்கு பத்து போடலாம். நான் அப்டிதான் போடுறேன், ஒண்ணு ரெண்டு வீடியோ நாலு லட்சம் தாண்டிச்சு. கையில வெங்காயம் நாறிட்டு ஏன் எடுக்கணும்?

டிரைபாட்_கால்:
நாலு லட்சம் வியூஸ்ல எத்தனை ஆர்டர் நின்னுச்சு தம்பி? அத மட்டும் சொல்லு.

சீக்கிரம்_சம்பாதி:
அது வந்து ப்ரோ ரீச் மொதல்ல, சேல்ஸ் அப்புறம் தானா வரும்.

பாரிஸ்_முனை:
இன்னா பாஸ் தானா வரும், பஸ்ஸா அது.

மேட்டர் இன்னான்னா நான் சென்னை பாரிஸ்ல கிச்சன் ஐட்டம் ஹோல்சேல் பாக்குறேன். ஒரு ரீல்ஸ் ஹிட்டாச்சுன்னா அந்த வாரமே அதே மாதிரி ஐட்டம் நாலு குவாலிட்டில எறங்கும். பாக்க நாலும் ஒண்ணுதான். கயிறு இழுத்து காய் நறுக்குற டப்பாவ எடுத்துக்கோ, பிளேடு வேற, கயிறு வேற, மூடி வேற. நீ வெளிநாட்டு வீடியோவுல காட்டுறது மொத குவாலிட்டி, உன் லிங்க்ல போறது நாலாவது. வாங்குனவன் ரெண்டு வெங்காயம் போட்டு கயித்த இழுக்கறான், கயிறு கையோட வந்துருது. அவன் திட்டறது கம்பெனிய இல்ல, உன்னத்தான். அதுவும் இல்லாம அடுத்தவன் வீடியோ, ஒரு காப்பிரைட் கம்ப்ளைண்ட் குடுத்தான்னா உன் பத்து வீடியோவும் காலி. இன்ஸ்டாவே 2024ல சொல்லிட்டான், அடுத்தவன் வீடியோவ எடுத்துப் போடறவங்கள பரிந்துரைல எறக்கி, மொதல்ல எடுத்தவனுக்குதான் எடம் குடுப்போம்னு.

வெளிச்சம்_போடு:
திருநெல்வேலில கல்யாண வீடியோ எடுக்கேன். வியாபாரம் எனக்குத் தெரியாது, படம் எடுக்கது தெரியும், அத மட்டும் சொல்லுதேன்.

அக்கா ஸ்டாண்டு இல்லன்னாவ. மொதல்ல வாங்க வேண்டியது அதுதான், அதுலயும் மேசைல கவ்விப் பிடிச்சு நீளமா வளையுத கை உள்ளது வாங்குங்க, மேல இருந்து கீழ பாத்து எடுக்கலாம், மொகம் தானா தப்பிச்சிரும். ரிங் லைட்டு வேண்டாம். கிச்சன் சாமான் பாதி எவர்சில்வரு, ரிங் லைட்ட வச்சா எல்லாத்துலயும் வட்டமா ஒரு கண்ணு முழிக்கும். சன்னல் ஓரமா மேசையப் போடுங்க, வெயில் நேரா அடிச்சா சன்னல்ல வெள்ளை வேட்டி ஒண்ணக் கட்டி விடுங்க, ஆயிரக்கணக்குல காசு குடுத்து வாங்குத சாஃப்ட்பாக்ஸ் செய்யுத வேலைய அந்த வேட்டி செய்யும். எதிர்ப்பக்கம் நிழல் கருப்பா விழுந்தா ஒரு தெர்மாகோல் அட்டைய நிறுத்துங்க.

ராத்திரி எல்ஈடி பல்புல எடுத்தா வீடியோல கோடு கோடா ஓடும் பாத்திருப்பீங்க. நம்ம ஊரு கரண்டு 50 ஹெர்ட்ஸ், போனு தானா எடுக்க ஷட்டர் அதுக்கு ஒத்து வராது, அதான் காரணம். கேமராவுல ப்ரோ மோடுல போயி ஷட்டர செகண்டுல 50ல ஒண்ணு, இல்ல 100ல ஒண்ணுன்னு வைங்க, கோடு நின்னிரும். அந்த வசதி போன்ல இல்லன்னா பகல்லயே எடுங்க. எடுக்கதுக்கு முன்ன லென்ஸத் தொடைங்க. சமையல்கட்டுல எடுக்கவங்க போன்ல எல்லாம் எண்ணெய் விரல் அப்பியிருக்கும், அப்புறம் "கேமரா சரியில்ல"ம்பாவ.

இன்னொண்ணு. திரையில கீழ்ப் பக்கமும் வலது ஓரமும் லைக், கமெண்ட், பேரு எல்லாம் வந்து மறைச்சிரும். பொருள நடுவுல, கொஞ்சம் மேலாப்ல வைங்க, எழுத்தையும் அப்படியே. எனக்குத் தெரிஞ்ச ஒரு பையன் விலைய கீழ எழுதி எழுதி ஒருத்தரு கண்ணுலயும் படல.

முட்டை_ஊர்க்காரி:
வேட்டி ஐடியா அருமைங்க, எங்கூட்ல அது நெறைய இருக்கு. எடிட்டிங்குக்கு எந்த ஆப்புங்க?

வெளிச்சம்_போடு:
வி.என், இன்ஷாட், இல்ல இன்ஸ்டாவே விட்ட எடிட்ஸ், எதுன்னாலும் போதும். வெட்டத் தெரிஞ்சா போதும், பூ பறக்க விடாண்டாம். பாட்ட குறைச்சிட்டு நறுக்குத சத்தம், சீவுத சத்தம் கேக்க விடுங்க, அந்த சத்தத்துக்கே ஆளு நின்னு பாக்கும். ட்ரெண்டிங் சினிமா பாட்டு போடுதது காசு வாங்கி பண்ணுத விளம்பரத்துக்கு சரிப்படாது, இசைக் கம்பெனி உரிமை கேட்டு வந்தா வீடியோ ஊமையாயிரும்.

சும்மா_பாக்குறவள்:
நான் வாங்குற கட்சி, ஒரு புலம்பல் கொட்டிக்கவா? "லிங்க்னு கமெண்ட் போடுங்க"ன்னு சொல்றாங்க, போட்டா "மொதல்ல ஃபாலோ பண்ணுங்க"ன்னு டிஎம் வருது, ஃபாலோ பண்ணா "இப்ப ஃபாலோ பண்ணிட்டேன்னு பட்டன அமுக்குங்க"ங்குது, அதையும் அமுக்குனா ஒரு பக்கம் தொறந்து அதுல அறுவது சாமான் படம், நான் கேட்ட இடியாப்ப அச்சு அதுல எங்க இருக்குன்னு நானே தேடணும். அதுக்குள்ள ஆசை விட்டுப் போயிடுது. பாதி நேரம் பேர மட்டும் பாத்துட்டு நானே ஆப்புல தேடி வாங்கிடுறேன்.

டிரைபாட்_கால்:
அக்கா சொல்றது நூத்துக்கு நூறு. நீங்களா தேடி வாங்குனா எங்களுக்கு ஒரு பைசா வராது, அதனால நான் அந்த ஃபாலோ பூட்ட எடுத்துட்டேன். ஒரு வீடியோ ஒரு பொருள், கமெண்ட்ல "அச்சு"ன்னு போட்டா அந்த அச்சு லிங்க் மட்டும் போகும். ஃபாலோயர் ஏறுறது குறைஞ்சுச்சு, ஆர்டர் குறையல.

இளம்பிள்ளை_தறி:
சேலம் இளம்பிள்ளைங்க. நாங்க சேலை விக்கிறவங்க, கிச்சன் சாமான் இல்ல, ஆனா எங்க சேலைய ரீல்ஸ் போட்டு விக்கிறவங்களுக்கு கூப்பன் கோடு குடுத்து கமிஷன் தர்றோம், அதனால அந்தப் பக்கத்து நெலமைய சொல்றேன்.

எங்களுக்கு உசுர எடுக்கிறது ரிட்டன்தானுங்க. போற கொரியர் காசு, வர்ற கொரியர் காசு, மடிப்பு கலைஞ்ச சேலைய திருப்பி அயர்ன் பண்ணி மடிக்கிற கூலி, எல்லாம் எங்க தலைல. இதுல கேஷ் ஆன் டெலிவரில ஆளே வாங்காம திரும்பறது வேற. சேலைல ரிட்டன் வர்றதுல பெரும்பாலும் ஒரே காரணம், கலரு. ஃபில்டர் போட்டு எடுத்தா மெரூன் செகப்பாயிருது, கிளிப்பச்சை ராமர் பச்சையாயிருது. ஒரு பொண்ணு எங்க சேலைய வாசல்ல வெயில்ல விரிச்சு, நெழல்ல ஒருக்கா காட்டி, "இது வீட்டு லைட்ல இவ்ளோ பளபளன்னு இருக்காது, முந்தானை ஓரத்துல நூலு கொஞ்சம் தெரியும்"னு சொல்லித்தான் போடும். அதுக்கு வியூஸ் எப்பவும் கம்மி. ஆனா அது மூலமா போற சேலை திரும்பி வர்றது அபூர்வம். லட்சம் வியூஸ் காரங்களுக்கு குடுக்கிறத விட அந்தப் பொண்ணுக்கு ரெண்டு சதவீதம் கூட குடுக்குறோம், புது டிசைன் வந்தா மொத சேலை அதுக்குத்தான் போகுது.

சீக்கிரம்_சம்பாதி:
கொறைய சொன்னா யாரு வாங்குவா? கடைக்காரன் எவனாவது தன் சாமான கொறை சொல்வானா? லாஜிக்கே இல்ல.

டிரைபாட்_கால்:
இதுக்கு நான் பதில் சொல்றேன், ஏன்னா இங்கதான் காசே இருக்கு.

தேங்கா துருவி இருக்குல்ல, அடியில ரப்பர் கிண்ணம் வெச்சு, லிவர திருப்புனா மேசைல ஒட்டிக்கிற மாடல். வழுவழுன்னு பாலிஷ் பண்ண கிரானைட் மேடை, டைல்ஸ், கண்ணாடி இதுல எல்லாம் அப்படியே கவ்விக்கும். கடப்பாக் கல்லு மேடைல ஒட்டாது, சிமெண்ட் திண்ணைல ஒட்டாது. சொரசொரப்பா இருந்தா இடுக்குல காத்து பூந்துரும், அவ்வளவுதான் காரணம். இப்ப நம்மாளுங்க வீட்ல எத்தனை வீட்ல இன்னும் கடப்பாக் கல்லு மேடை? வாடகை வீட்ல பெரும்பாலும் அதுதான். கம்பெனி வீடியோ எல்லாமே பளபள கிரானைட்டுல எடுத்தது. அத நம்பி வாங்குனவங்க துருவுறப்ப துருவி தனியா நடந்து போகுது, மறுநாளே ரிட்டன்.

நான் எடுத்த வீடியோவுல மொத ரெண்டு செகண்டே கடப்பாக் கல்லுல அது வழுக்கிட்டுப் போறதத்தான் வெச்சேன். அடுத்து கிரானைட்டுல ஒட்டிக்கிட்டு அரை மூடி தேங்கா மளமளன்னு உதிர்றது. "உங்க மேடை கடப்பாவா இருந்தா வாங்காதீங்க, இல்லன்னா ஒரு டைல்ஸ் துண்டு வாங்கி அடியில போட்டுக்கங்க"ன்னு கொரல்ல சொன்னேன். கமெண்ட்ல பாதிப் பேரு "எங்க வீட்ல கடப்பா, நல்லவேளை சொன்னீங்க"ன்னாங்க, மீதிப் பேரு வாங்குனாங்க. வாங்குனவங்க வெச்சுக்கிட்டாங்க. போதுமா லாஜிக்?

இன்னொரு உதாரணம். கயிறு இழுக்குற நறுக்கி எல்லாத்துலயும் பெரிய வெங்காயத்த நாலா வெட்டிப் போட்டுத்தான் காட்டுவாங்க. நம்ம வீட்ல சாம்பாருக்கு சின்ன வெங்காயம். அத முழுசாப் போட்டா பாதி நறுங்கி கூழாகும், பாதி முழுசா சுத்திட்டே கெடக்கும். பூண்டு உரிக்கிற ரப்பர் குழா மலைப்பூண்டுக்கு நல்லா வேலை செய்யும், நாட்டுப் பூண்டு பொடிப் பல்லுக்கு சுத்தமா ஆகாது. இதெல்லாம் வெளிநாட்டு வீடியோவுல வராது தம்பி. வெங்காய நாத்தத்தோட எடுத்தாத்தான் தெரியும்.

சும்மா_பாக்குறவள்:
அந்த ரப்பர் குழாய வாங்கி ஏமாந்த கூட்டத்துல நானும் உண்டு 😭

பாரிஸ்_முனை:
டிரைபாட் சொல்றதுல முழுசா ஒத்துக்க மாட்டேன். எல்லா ஐட்டத்துக்கும் இது செல்லாது. முப்பது நாப்பது ரூபா ஐட்டம், ஸ்டிக்கரு, ஹூக்கு, சிங்க் வடிகட்டி இதெல்லாம் எவனும் ரிட்டன் பண்ண மாட்டான், தூக்கிப் போட்டுடுவான். அதுல கொறைய சொன்னா சேல்ஸ்தான் கொறையும், ரிட்டன் எப்டியும் இல்ல. அதனாலதான் அந்த ஐட்டத்துல பொய் ஜாஸ்தி.

டிரைபாட்_கால்:
ண்ணே ரிட்டன் வராது, சரி. ஆனா அந்த ஆளு அடுத்த வீடியோவுக்கு வருவானா? முப்பது ரூபா ஹூக்குல கமிஷன் ஒண்ணர ரூபா. அதுக்காக அடுத்த மாசம் மூவாயிரத்துக்கு கிரைண்டர் வாங்கப் போறவன தொலைக்கணுமா?

பாரிஸ்_முனை:
கிரைண்டர அவன் கடையில போயி தட்டிப் பாத்து வாங்குவான் பாஸ், ரீல்ஸ் பாத்து இல்ல. சரி விடு, நாம ரெண்டு பேரும் வேற வேற கல்லால உக்காந்துருக்கோம்.

அக்காவுக்கு ஒரு யோசனை. மிக்சி, கெட்டில், இண்டக்ஷன் மாதிரி கரண்டு சாமான் எடுத்தா ஐஎஸ்ஐ முத்திரை இருக்கான்னு பாத்துட்டு எடுங்க. முத்திரை இல்லாதத நீங்க கை காட்டி எவன் வீட்லயாவது ஷாக் அடிச்சா கமிஷன் இல்ல, வேற ஏதாவது வந்து சேரும். அடுப்புல வெக்கிற பிளாஸ்டிக், சிலிக்கான் சாமானுக்கும் அதே உஷார்.

கோர்ஸ்_குருஜி:
[இந்தப் பதிவு நீக்கப்பட்டது]

மட்டுறுத்துநர்:
கோர்ஸ் இணைப்பு, வாட்ஸப் நம்பர், "இன்பாக்ஸ் வாங்க" எதுவும் இங்க வேணாம். அஃபிலியேட் லிங்கும் போடக் கூடாது, பழைய விதிதான். மற்றபடி இழை நல்லாப் போகுது, தொடருங்க.

வரவு_செலவு:
வரி பத்தி யாரும் சொல்லல, நான் சொல்றேன். கணக்குப்பிள்ளை வேலை, கோயம்புத்தூர்.

கமிஷன் குடுக்குற கம்பெனி டிடிஎஸ், அதாவது முன்கூட்டியே வரி, பிடிச்சுட்டுத்தான் தருவாங்க. முன்னாடி 5 சதவீதம், 2024 அக்டோபர்ல இருந்து 2. ஒரு கம்பெனிகிட்ட இருந்து வருஷத்துல வர்றது 20,000 தாண்டினாத்தான் பிடிக்கணும்னு 2025 ஏப்ரல்ல வரம்ப ஏத்துனாங்க, அதுக்கு முன்ன 15,000. பான் நம்பர் குடுக்கலன்னா 20 சதவீதம் போயிடும், அதனால பான் இல்லாம ஆரம்பிக்காதீங்க. பிடிச்சது வருமான வரித் தளத்துல தெரியும், உங்க மொத்த வருமானத்துக்கு வரியே வராதுன்னா வருமான வரி ரிட்டர்ன் போட்டு திருப்பி வாங்கிக்கலாம். நெறைய பேரு சின்னத் தொகைதானன்னு அத அப்படியே விட்டுடுறாங்க, விடாதீங்க.

ரிட்டர்ன்ல சமூக வலைத்தள இன்ஃப்ளூயன்சருக்குன்னே 16021னு ஒரு கோடு வந்துருக்கு. சில பேரு சின்ன வியாபாரத்துக்கு தோராய லாபம் காட்டுற பிரிவுல (பழைய சட்டத்துல 44ஏடி) போட்டு ஆறு, எட்டு சதவீதம் லாபம் காட்டிடலாம்னு சொல்வாங்க, கமிஷன் வருமானத்துக்கு அது செல்லாது, சட்டத்துலயே வெளிய வெச்சிருக்காங்க. அதனால வாங்குன சாமான் பில்லு, ஸ்டாண்டு பில்லு, நெட் பில்லு எல்லாத்தையும் எடுத்து வைங்க, செலவாக் கழிக்கலாம். ஜிஎஸ்டி வருஷத்துக்கு 20 லட்சம் தாண்டினாத்தான், இப்போதைக்கு அந்தக் கவலை வேணாம்.

ஓசி சாமான் அனுப்புறவங்க விஷயம் தனி. ஒரே கம்பெனி ஒரு வருஷத்துல 20,000 ரூபாய்க்கு மேல பெறுமானமுள்ள சாமான உங்களுக்கே வெச்சுக்கக் குடுத்தா அதுக்கும் 10 சதவீதம் டிடிஎஸ் உண்டு, 2022 ஜூலைல இருந்து. வீடியோ எடுத்துட்டு திருப்பிக் குடுத்துட்டா அது கணக்குல வராது. 2026 ஏப்ரல்ல இருந்து புது வருமான வரிச் சட்டம், பிரிவு நம்பரெல்லாம் மாறியிருக்கு, அதனால எழுதி வெக்கிறப்ப நம்பர நம்பாம விஷயத்த வெச்சுக்கங்க.

முட்டை_ஊர்க்காரி:
அய்யோ தல சுத்துதுங்க. ஆனா தெரிஞ்சது நல்லதாப் போச்சு. "இது விளம்பரம்"னு சொல்லணும்னு எங்கியோ படிச்சேன், லிங்க் போட்டாலே சொல்லணுங்களா? சாமான் என் காசுல வாங்குனது ஆச்சே.

வரவு_செலவு:
சாமான் உங்க காசுதான், ஆனா வித்தா கமிஷன் வருதே, அது போதும். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குக் கீழ 2022ல தவறான விளம்பரம் பத்தி விதி வந்துச்சு, 2023 ஜனவரில நுகர்வோர் விவகாரத் துறை இன்ஃப்ளூயன்சருக்குன்னு தனியா ஒரு கையேடு விட்டாங்க. காசு, ஓசி சாமான், தள்ளுபடி எந்தத் தொடர்பு இருந்தாலும் சொல்லணும். கீழ டிஸ்க்ரிப்ஷன்ல ஒளிச்சு வெச்சா பத்தாது, வீடியோக்குள்ளயே எழுத்துலயும் கொரல்லயும் வரணும், வீடியோ எந்த பாஷைல இருக்கோ அதே பாஷைல. அபராதம் 10 லட்சம் வரைக்கும், திரும்பத் திரும்ப பண்ணா 50 லட்சம் வரைக்கும் போகலாம். விளம்பரத் துறையோட சுயக்கட்டுப்பாட்டு அமைப்பு ஆஸ்கி வேற ஒரு அளவு சொல்லுது, 15 செகண்டுக்கு மேல ரெண்டு நிமிஷத்துக்குள்ள உள்ள வீடியோன்னா மூணுல ஒரு பங்கு நேரமாவது அந்த எழுத்து திரையில நிக்கணும்.

டிரைபாட்_கால்:
நான் மூலைல "விளம்பரம்"னு எழுதிருவேன், கடைசில "இந்த லிங்க்ல வாங்குனா எனக்கு சின்ன கமிஷன் வரும், உங்களுக்கு விலை ஏறாது"ன்னு சொல்லிருவேன். இதுக்காக ஒருத்தரும் வாங்காமப் போனதா தெரியல. "உங்க லிங்க்லயே வாங்குறேண்ணே"ன்னு சொல்ற ஆளுங்கதான் கூடியிருக்காங்க.

ஒண்ணு மட்டும், விலைய வீடியோவுல சொல்லாதீங்க. இன்னைக்கு 299, நாளைக்கு 449 ஆயிரும், வீடியோ ஆறு மாசம் ஓடும், கீழ வந்து "பொய் சொல்றீங்க"ம்பாங்க. ஸ்டாக் தீந்துபோன லிங்கையும் வாரத்துக்கு ஒருக்கா பாத்து மாத்துங்க, இல்லன்னா ஓடுற வீடியோ சும்மா ஓடும்.

சீக்கிரம்_சம்பாதி:
சரி ப்ரோ ஒரு டவுட், நிஜமாவே. எனக்கு ஒரு டெலிகிராம் குரூப்ல இருந்து வந்துச்சு, வீடியோவே எடுக்க வேணாம், பொருளுக்கு லைக், ரேட்டிங் போட்டா ஒண்ணுக்கு அம்பது ரூபா கமிஷன், மொத நாள் நிஜமாவே 150 ரூபா ஏறிச்சு, இப்ப பெரிய டாஸ்க்குக்கு மூவாயிரம் கட்டச் சொல்றாங்க. இதுவும் அஃபிலியேட் தானே?

பாரிஸ்_முனை:
டேய் தம்பி கட்டாத!!!! அது பக்கா ஃபிராடு. மொத 150 தூண்டில் புழு. மூவாயிரம் போச்சுன்னா அடுத்து பத்தாயிரம் கேப்பான், போட்ட காச எடுக்கணும்னு நீயும் கட்டுவ.

வரவு_செலவு:
ஏற்கெனவே ஏதாவது கட்டியிருந்தா உடனே சைபர் குற்ற உதவி எண் 1930க்கு கூப்பிடு, எவ்ளோ சீக்கிரம் சொல்றியோ அவ்ளோ சீக்கிரம் அந்தக் கணக்க நிறுத்தி வெக்க வாய்ப்பு. உன் பேங்க் கணக்குல வேற யாரோ காசு போட்டு "எடுத்து இந்த நம்பருக்கு அனுப்பு"ன்னா அதையும் தொடாத, உன் கணக்கே முடங்கிடும். எந்த நேர்மையான அஃபிலியேட் திட்டத்துலயும் சேர காசு கேக்க மாட்டாங்க.

சீக்கிரம்_சம்பாதி:
கட்டல ப்ரோ, கட்டப் போயிட்டுத்தான் இங்க கேட்டேன். குரூப்ல இருந்து வெளிய வந்துட்டேன். தேங்க்ஸ்.

டிரைபாட்_கால்:
நல்லது. உன் வீட்லயும் ஒரு சமையல்கட்டு இருக்கும்ல, ஒரு சாமான எடுத்து நீயே பத்து நாளு பயன்படுத்திட்டு வீடியோ எடு. எடிட்டிங் உனக்கு நல்லா வருதுன்னு தெரியுது.

இளம்பிள்ளை_தறி:
நாமக்கல் அக்கா, புதுசா சாமான் வாங்கித்தான் ஆரம்பிக்கணும்னு இல்லீங்க. வீட்ல ஏற்கெனவே ரெண்டு மூணு வருஷமா பொழங்குற சாமான எடுத்து "இவ்ளோ நாள்ல இது என்ன ஆச்சு"ன்னு காட்டுங்க. கைப்பிடி ஆடுதா, ரப்பர் கெட்டுச்சா, உள்ள கறை புடிச்சுதா. விக்கிறவங்க நாங்க நெனச்சாலும் அந்த வீடியோவ எடுக்க முடியாது.

வெளிச்சம்_போடு:
ஆமா, பழசுக்குப் பக்கத்துல புதுச வச்சு ஒரே வெளிச்சத்துல எடுங்க. அழகா வரும்.

முட்டை_ஊர்க்காரி:
எங்கூட்ல அஞ்சு வருஷமா ஒரு இட்லி குக்கர் இருக்குங்க, பக்கத்து ஊட்டு அக்கா பாக்கும்போதெல்லாம் எங்க வாங்குனேன்னு கேக்கும். அதுல இருந்து ஆரம்பிக்கிறேன். ஸ்டாண்டு ஆர்டர் போட்டாச்சு. கடேசியா ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறேங்க. எனக்கு பேங்க் புக்கு இருக்கு, பான் கார்டு இல்ல. வீட்டுக்காரரு பான் போட்டு என் பேங்க் அக்கவுண்ட் குடுக்கலாங்களா?

வரவு_செலவு:
கூடாதும்மா. பான் ஒரு பேரு, பேங்க் ஒரு பேருன்னா சரிபார்க்கும்போது பணம் நின்னுடும், வருமானமும் அவரு கணக்குல ஏறிடும். ஆதார்ல மொபைல் நம்பர் சேத்திருந்தா வருமான வரித் தளத்துலயே இ-பான் உடனே, இலவசமா எடுத்துக்கலாம். ஆதார், பான், பேங்க் மூணுலயும் பேரு எழுத்துக்கு எழுத்து ஒண்ணா இருக்கான்னு பாருங்க, இனிஷியல்லதான் நெறைய பேருக்கு சிக்குது.

முட்டை_ஊர்க்காரி:
ஆதார்ல அப்பா இனிஷியல், பேங்க்ல வீட்டுக்காரரு இனிஷியல்!

வரவு_செலவு:
அப்ப மொதல்ல பேங்குக்குப் போயி ஆதார்ல உள்ள மாதிரி மாத்திட்டு வாங்க, வீடியோ அதுக்குள்ள எடுத்துட்டே இருங்க. காசு வர எப்படியும் ரெண்டு மாசம் இருக்குல்ல.